கடற்கரைச் சொற்களை வாக்கியத்தோடு கற்பிக்கும் இணைய அகராதி: இராமநாதபுரத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொண்டிப் பக்கத்திலிருந்து மூக்கையூர் வரை நம் கரையில் எந்த ஊரில் படகு வந்து நின்றாலும், கரையில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி ‘பாடு எப்படி?’ என்பதுதான். பரமக்குடியிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி ஊழியருக்கு இந்தக் கேள்வி புரியாது. அவருக்குத் தெரிந்த பாடு, ஒன்று பாட்டு பாடுவது, இல்லையென்றால் கஷ்டப்படுவது. அகராதியைத் திறந்தால் ஒரு சொல்லுக்கு எதிரே ஏழெட்டுப் பொருள்கள் வரிசையாக நிற்கும். அதில் எது இந்தக் கரையில், இந்த நேரத்தில் பொருந்தும் என்று அந்தப் பட்டியல் சொல்லாது. ‘நேத்துப் பாடு பரவாயில்ல, ஐஸுக்கும் டீசலுக்கும் போக ஆளுக்கு ஐந்நூறு நின்னுச்சு’ என்ற ஒரே ஒரு வாக்கியத்தைக் காட்டிவிட்டால் அவருக்கு எல்லாம் விளங்கிவிடும்.

அப்படி வாக்கியத்தை முன்னால் வைத்து, விளக்கத்தை அதன் பின்னால் வைக்கும் ஓர் இணைய அகராதியை நம் கரைக்கென்று நாமே எப்படி உருவாக்குவது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கல்லூரி மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், மீனவ இளைஞர்கள் என்று நாலைந்து பேர் சேர்ந்தால் போதும். கையில் இருக்கும் போன், எங்காவது ஒரு கணினி, பொறுமை, இவ்வளவுதான் முதலீடு.

தொடங்கும் முன்: மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள்

சொல்லுக்குச் சூழல் காட்டுவது புதிய யோசனை இல்லை. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட ஆங்கில அகராதியிலேயே சொற்களுக்குப் புத்தகங்களிலிருந்து மேற்கோள் எடுத்து வைத்தார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்கான திட்டம் 1857-இல் பேச்சாகத் தொடங்கியது. முதல் பகுதி 1884-இல் வந்தது, முழுதாக முடிய 1928 ஆனது. அந்த வேலையின் முதுகெலும்பாக இருந்தவர்கள் சம்பளம் வாங்காத வாசகர்கள். தாங்கள் படித்த புத்தகத்தில் ஒரு சொல் எங்கே, எப்படி வந்தது என்று துண்டுச் சீட்டில் எழுதித் தபாலில் அனுப்பினார்கள். நாம் செய்யப்போகும் வேலைக்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடையாது. அவர்களுக்குச் சீட்டு, நமக்குப் போன்.

அடுத்த பெரிய திருப்பம் 1987-இல் வந்த கோபில்டு அகராதி. பர்மிங்காம் பல்கலைக்கழகமும் காலின்ஸ் நிறுவனமும் சேர்ந்து, நடைமுறையில் எழுதப்பட்ட, பேசப்பட்ட ஆங்கிலத்தைக் கணினியில் குவித்து, அதிலிருந்து அந்த அகராதியை உருவாக்கினார்கள். அதில் விளக்கமே முழு வாக்கியமாக இருக்கும்: ‘ஒருவர் இப்படிச் செய்தால், அதை இப்படிச் சொல்வார்கள்’ என்ற பாணி. படிப்பவருக்குப் பொருளும் கிடைக்கிறது, அந்தச் சொல் எந்த இடத்தில் உட்காரும் என்பதும் கிடைக்கிறது. இந்தப் பாணியை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தமிழில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. மேற்கோள்கள் உண்டு, ஆனால் பெரும்பாலும் இலக்கியத்திலிருந்து. இன்றைய எழுத்துத் தமிழிலிருந்து வாக்கியங்களோடு வந்தது 1992-இல் வெளியான க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. கரிசல் வட்டாரத்துப் பேச்சுக்குக் கி. ராஜநாராயணன் ஓர் அகராதி தொகுத்தார். நம் கடற்கரைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இணையத்தில் இன்று பார்க்க வேண்டிய மூன்று இடங்கள்: வொகாபுலரி.காம், ஒரு சொல்லைச் சொல்லித் தந்துவிட்டு அதையே வேறு வேறு வாக்கியங்களில் கேள்வியாகத் திரும்பக் கொண்டுவரும். வேர்ட்னிக், இணையத்தில் அந்தச் சொல் வந்த வாக்கியங்களைத் திரட்டித் தரும். யூகிளிஷ், யூடியூப் வீடியோக்களில் யாராவது அந்தச் சொல்லைப் பேசிய இடத்துக்கே நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும். மூன்றையும் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து பயன்படுத்திப் பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்பது பாதி அங்கேயே புரிந்துவிடும்.

படி 1: எல்லையைச் சின்னதாகப் போடுங்கள்

‘இராமநாதபுரம் மாவட்டத்துக் கடல் சொற்கள் எல்லாம்’ என்று ஆரம்பித்தால் முடியாது. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு கடல் இருக்கிறது. பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நம் ஆட்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். தனுஷ்கோடியில் பெண் கடல், ஆண் கடல் என்ற பேச்சும் உண்டு. வாடைக் காற்று அடிக்கும் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும். தொழிலும் மாறுகிறது, வலையும் மாறுகிறது, சொல்லும் மாறுகிறது.

அதனால் முதலில் ஒரு கடல், ஒரு ஊர், ஒரு தொழில். உதாரணமாக, பாம்பன் பக்கத்தில் கடல் பாசி எடுக்கும் பெண்களின் சொற்கள். அல்லது தங்கச்சிமடத்து நாட்டுப்படகுச் சொற்கள். அல்லது கீழக்கரையின் சங்குகுளிச் சொற்கள். அகர வரிசையில் தேடாமல், ஒரு வேலை தொடங்கி முடியும் வரை நடப்பதை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்: கிளம்புவது, காற்று பார்ப்பது, வலை விடுவது, இழுப்பது, மீனைப் பிரிப்பது, ஏலம், கணக்கு. ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்துப் பதினைந்து சொல் வந்தாலே நூறைத் தாண்டிவிடும். முதல் பதிப்புக்கு நூறு சொல் தாராளம்.

படி 2: ஏற்கெனவே பதிவானதைத் தேடுங்கள்

தமிழ் லெக்சிகன், வின்சுலோ, ஃபப்ரீசியஸ் ஆகிய அகராதிகள் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய எண்ணிம அகராதிகள் தளத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன. எவரும் சொல் சேர்க்கக்கூடிய இணைய அகராதியான தமிழ் விக்சனரி 2004 முதல் இருக்கிறது. உங்கள் சொல் அங்கே இருக்கிறதா, இருந்தால் நம் கரைப் பொருள் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மீன் பெயர்களுக்கு ஃபிஷ்பேஸ் தளத்தில் அறிவியல் பெயரோடு வட்டாரப் பெயர்களும் உண்டு.

அச்சில் வந்த தமிழும் நமக்கு வேண்டும். மீன்வளத் துறை அறிவிப்புகள், நாளிதழ்களின் மாவட்டச் செய்திகள், வானிலை எச்சரிக்கைகள் ஆகியவற்றிலிருந்து வாக்கியங்களை ஓர் உரைக் கோப்பில் சேர்த்து வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வரும்போது செய்திகளில் ‘இழுவைமடி’, ‘இரட்டைமடி’, ‘சுருக்குமடி’ என்று வலைகளின் பெயர்கள் தினமும் அடிபடும். ஊர் முழுக்கப் படிக்கிறது, கடல் பக்கம் போகாதவருக்கு ஒன்றும் விளங்குவதில்லை. ஒரு செய்தியிலிருந்து ஒரு வாக்கியத்துக்கு மேல் எடுக்காதீர்கள். இதழின் பெயரையும் தேதியையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

கோப்பு பெரிதானதும் ஆன்ட்கான்க் என்ற இலவச மென்பொருளில் போட்டால், ஒரு சொல் வந்த எல்லா வாக்கியங்களையும் அடுக்கிக் காட்டும். தமிழுக்கு இரண்டு விஷயம் கவனம். அமைப்புகளில், கொம்பு, கால், புள்ளி போன்ற குறிகளையும் எழுத்தோடு சேர்த்து எண்ணச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் சொற்களை உடைத்துவிடும். அப்புறம், தமிழ்ச் சொல் வேற்றுமை உருபோடு ஒட்டி வருவதால் ‘மடி’ என்று மட்டும் தேடாமல் பின்னால் உடுக்குறி (*) போட்டுத் தேடுங்கள். மடியை, மடியில், மடிக்குள் எல்லாம் வரும். மடிந்தான் என்பதும் கூடவே வரும், அதைக் கையால் நீக்கிவிடலாம்.

படி 3: அர்த்தம் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள்

இந்தப் படியில்தான் முழு வேலையின் உயிர் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பெரியவரிடம் போய் ‘நீவாடு என்றால் என்ன?’ என்று கேட்டால், ‘கடல் ஓட்டம்தான் தம்பி’ என்று முடித்துவிடுவார். தப்பில்லை, ஆனால் நமக்கு அதில் வாக்கியம் கிடைக்கவில்லை. அவர் பழைய அகராதி மாதிரி பதில் சொல்வதற்குக் காரணம், நாம் பழைய அகராதி மாதிரி கேள்வி கேட்டதுதான். அதற்குப் பதில் இப்படிப் பேச்சைத் தொடங்குங்கள்:

‘அண்ணே, நேத்து ஏன் சீக்கிரமே கரைக்கு வந்துட்டீங்க?’

‘நீவாடு பலமா இருந்துச்சு தம்பி. வலையை விட்டா ஒரு பக்கமா சுருட்டிக்கிட்டுப் போகுது. என்னத்த நிக்கிறது?’

இதில் நீவாடு பலமாக இருக்கும் என்பது தெரிகிறது, அது வலையைச் சுருட்டும் என்பது தெரிகிறது, அது அதிகமானால் தொழிலை நிறுத்திவிட்டு வருவார்கள் என்பதும் தெரிகிறது. ஒரு கேள்விக்கு மூன்று விவரம். (இந்தக் கட்டுரையில் வரும் பேச்சு வாக்கியங்கள் நான் மாதிரிக்காக எழுதியவை. உங்கள் அகராதியில் உண்மையாகக் கேட்ட வாக்கியம் மட்டுமே இருக்க வேண்டும். நீங்களாக ஒன்றை உருவாக்கிப் போடவே கூடாது.)

கதை முடிந்த பிறகு, பதிவைத் திரும்பக் கேட்டு, சந்தேகமுள்ள சொற்களுக்கு மட்டும் இரண்டு துணைக் கேள்வி. ஒன்று, ‘இதை எப்பச் சொல்வீங்க?’ இரண்டு, ‘எப்பச் சொல்ல மாட்டீங்க?’ இரண்டாவது கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ‘தொழிலுக்குப் போறேன்’ என்றால் கடலுக்குப் போவது மட்டும்தானா, ஏலக் கூடத்து வேலைக்குப் போவதற்கும் சொல்வார்களா என்பது அப்படிக் கேட்டால்தான் வெளிவரும்.

யாரைக் கேட்பது? படகு ஓட்டுகிறவர்களை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். மீனைத் தரம் பிரிக்கும் பெண்கள், கருவாடு போடுகிறவர்கள், பாசிக்குப் போகிறவர்கள், வலை பின்னுகிறவர்கள், ஐஸ் கம்பெனியில் கட்டி உடைப்பவர்கள், இவர்கள் ஒவ்வொருவரிடமும் தனிச் சொற்கள் இருக்கின்றன. பாசி எடுக்கும் அக்காவிடம் பேசினால் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று வரும். மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அகர் எடுக்கப் போகின்றன. மற்ற இரண்டும் ஆல்ஜினேட் எடுக்கப் போகின்றன. அகரும் ஆல்ஜினேட்டும் பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப் பொருள்கள். பூக்கடை மரிக்கொழுந்தை மட்டும் அறிந்த மதுரைக்காரர் ‘இன்னைக்கு முங்கி முங்கிப் பார்த்தும் மரிக்கொழுந்து ரெண்டு சாக்குதான்’ என்ற வாக்கியத்தைப் படித்தால் உடனே நிமிர்ந்து உட்காருவார். சொல் மனத்தில் ஒட்டுவது அந்த நொடியில்தான்.

நேரம் பார்த்துப் போங்கள். படகு வந்து மீன் இறக்கும் நேரத்தில் யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது. விசைப்படகுக்காரர்களுக்குத் தடைக்காலம் நல்லது, வலை சரிபார்த்துக்கொண்டு நிழலில் இருப்பார்கள். பாசிக்குப் போகும் பெண்களிடம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் போகாதீர்கள், அவர்களுக்கு அதுதான் வேலை நாள்.

பதிவு செய்யும் முன் அனுமதி. இதற்கு விதிவிலக்கே கிடையாது. ‘உங்க குரலை இணையத்தில் போடுவோம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம், பெயர் போட மாட்டோம், சரியா?’ என்று தெளிவாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் குரலை எடுக்காமல் வாக்கியத்தை மட்டும் கையால் எழுதிக்கொள்ளக் கேளுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று. கடல் அட்டை 2001 முதல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது, அதைப் பிடிப்பது குற்றம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. இவற்றை ஒட்டிய தொழில்களின் சொற்களைப் பதிவு செய்யும்போது, சொன்னவரை அடையாளம் காட்டும் எதுவும், ஊர்ப் பெயர் உட்பட, வெளியே போகக் கூடாது. எந்தப் பாரில் (கடலடிப் பாறையில்) மீன் நிற்கிறது என்ற இடக்குறிப்பும் அப்படித்தான். அது ஒரு குடும்பத்தின் சோறு.

படி 4: பதிவேடு

கூகுள் ஷீட் போதும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி. தலைப்புகள்: சொல், எந்தப் பொருள், வாக்கியம் கேட்டது கேட்டபடி, எழுத்துத் தமிழில் அதே வாக்கியம், சொன்னவரின் தொழிலும் தோராய வயதும், ஊர், வடகடலா தென்கடலா, தேதி, ஒலிக் கோப்பின் பெயர், சரிபார்த்தவர். சொல்லுக்கு ஒரு வரி என்று ஆரம்பித்துவிடாதீர்கள். வாக்கியம்தான் அலகு. சொற்களை அப்புறம் அதிலிருந்து திரட்டிக்கொள்ளலாம்.

படி 5: எந்த வாக்கியத்தை வைப்பது, எதைத் தள்ளுவது

ஒரு சொல்லுக்கு இருபது வாக்கியம் கிடைத்திருக்கும். வாசகருக்குக் காட்ட வேண்டியது ஒரு பொருளுக்கு இரண்டு அல்லது மூன்று. ‘அங்க பார் இருக்கு’ என்பது உண்மையாகவே ஒருவர் சொன்ன வாக்கியமாக இருக்கலாம். அகராதிக்கு உதவாது, ஏனென்றால் இதை வைத்து அது மதுக்கடையா, பாறையா என்று யாராலும் சொல்ல முடியாது. ‘பாருல மாட்டி வலை கிழிஞ்சு போச்சு’ என்பது உதவும். தண்ணீருக்குள் இருக்கிற, கடினமான, வலையைக் கிழிக்கிற ஏதோ ஒன்று என்பது அந்த ஒரு வரியிலேயே வந்துவிடுகிறது.

நல்ல வாக்கியத்துக்கு என் அளவுகோல் இது: சொல்லின் பொருளை வாக்கியமே பாதி சொல்லிவிட வேண்டும். அதே வாக்கியத்தில் இன்னொரு புரியாத சொல் இருக்கக் கூடாது. இருந்தால் அதற்கும் அகராதியில் இணைப்பு இருக்க வேண்டும். ‘அது’, ‘அவன்’, ‘அப்படி’ என்று முந்தைய பேச்சைச் சார்ந்து நிற்கும் வாக்கியங்களைத் தள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் நீளாமல் பாருங்கள். அந்தச் சொல்லோடு வழக்கமாகச் சேர்ந்து வரும் வினை அதில் இருக்க வேண்டும். வலையை விடுவார்கள், இழுப்பார்கள். மடியை அவிழ்ப்பார்கள், கொட்டுவார்கள். ‘மடியை அவுத்துக் கொட்டுனா பாதி காரல்தான்’ (காரல் ஒரு சின்ன மீன்) என்பதில் எல்லாமே இருக்கிறது.

தேர்ந்தெடுத்த பிறகு ஒரு சோதனை. சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோடு போடுங்கள். கடல் தொழிலே தெரியாத, முதுகுளத்தூர், கமுதி பக்கத்து நண்பர்கள் மூன்று பேருக்கு அனுப்பி, ‘இங்கே என்ன மாதிரி பொருள் வரும்?’ என்று கேளுங்கள். சொல்லைச் சொல்ல வேண்டியதில்லை, பொருளின் திசையைச் சொன்னால் போதும். மூன்று பேரில் இருவராவது நெருங்கி வந்தால் அந்த வாக்கியம் தேறியது. ஒருவருமே நெருங்கவில்லை என்றால் எவ்வளவு அழகான வாக்கியமாக இருந்தாலும் வேறொன்றைத் தேடுங்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டால் கடற்கரைக்காரருக்கு மட்டும் புரியும் அகராதியாகிவிடும், அவருக்கோ அகராதியே தேவையில்லை.

மூன்று வாக்கியத்தில் ஒன்று பேச்சு, ஒன்று அச்சு, ஒன்று வேறு தொழில்காரர் சொன்னது என்று கலந்து வைத்தால் சொல்லின் முழு நடமாட்டமும் தெரியும்.

படி 6: விளக்கம் எழுதுவது

‘மடி: ஒரு வகை வலை’. இப்படி எழுதினால் அது விளக்கமே இல்லை. கோபில்டு பாணியில் முழு வாக்கியமாக எழுதுங்கள். சில மாதிரிகள்:

மடி: வலையின் கடைசியில் பை மாதிரி இருக்கும் பகுதி மடி. இழுக்கும்போது மீன் அதில்தான் போய்ச் சேரும். முழு வலையையும் மடி என்று சொல்வதுண்டு.

இரட்டைமடி: இரண்டு விசைப்படகுகள் சேர்ந்து ஒரே வலையை நடுவில் பிடித்து இழுத்துப் போனால் அது இரட்டைமடி.

சுருக்குமடி: மீன் கூட்டத்தைச் சுற்றி வலையை வளைத்து, அடியில் இருக்கும் கயிற்றை இழுத்து வாயைச் சுருக்கிவிடும் வலை.

பாடு: ஒரு தடவை கடலுக்குப் போய்வந்ததில் கிடைத்த மீனும், அதில் கையில் நின்ற காசும் பாடு. ‘பாடு எப்படி?’ என்று கேட்பவர் இரண்டையும் சேர்த்தே கேட்கிறார்.

விளக்கத்தில் வரும் சொல், விளக்கப்படும் சொல்லைவிட எளிதாக இருக்க வேண்டும். 1978-இல் வந்த லாங்மேன் அகராதி சுமார் 2,000 எளிய சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு எல்லா விளக்கங்களையும் எழுதியது. நாம் அவ்வளவு கறாராகக் கணக்குப் பார்க்க வேண்டாம். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் படிக்கக் கொடுங்கள், எங்கே தடுக்குகிறதோ அங்கே மாற்றுங்கள்.

ஒரே சொல்லுக்கு இரண்டு ஊரில் இரண்டு பொருள் இருந்தால் ஊர்க் குறிப்போடு தனித்தனி எண் கொடுங்கள். கச்சான் நமக்கு மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் கச்சான் என்றால் நிலக்கடலையும்தான். மீன் பெயர்களில் இந்தச் சிக்கல் அதிகம். நம் பக்கத்துச் சீலா, சென்னையில் வஞ்சிரம். சென்னைச் சந்தையில் ‘ஷீலா’ என்று கேட்டால் வேறு மீனைக் கையில் தருவார்கள். ஆகவே மீன் என்றால் படமும் அறிவியல் பெயரும் கட்டாயம். பெயர் உறுதியாகத் தெரியாத மீனுக்கு, மண்டபத்தில் இருக்கும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் ஆள் பார்த்துக் கேட்டுவிடலாம்.

படி 7: ஒலியும் படமும்

கடற்கரையில் நின்று பதிவு செய்தால் காற்று ஒன்றைத் தவிர வேறெதுவும் கேட்காது. சுவர் மறைவில், வலைக் கொட்டகைக்குள், போனின் மைக்கை மெல்லிய துணியால் மூடிப் பதிவு செய்யுங்கள். போன் தரும் எம்4ஏ கோப்பை, விக்சனரிக்கான ஒலியையும் படத்தையும் சேமிக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளம் ஏற்காது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேவ் அல்லது ஓக் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். தனிச் சொல்லை மட்டும் வெட்டாமல் முழு வாக்கியமாக வெட்டுங்கள். படத்தில் பொருளும் கையும் தெரிந்தால் போதும், முகம் வேண்டாம்.

படி 8: எழுத்துக்கூட்டல்

காத்து, காற்று. ரெண்டும் ஒன்றுதான், தலைச்சொல்லாக எதைப் போடுவது? எழுத்து வழக்கு இருக்கிற சொல்லுக்கு எழுத்து வழக்கைத் தலைச்சொல்லாக வைத்து, பேச்சு வடிவத்திலிருந்து அங்கே வழிகாட்டுங்கள். நீவாடு, வத்தை (ஒரு வகை நாட்டுப்படகு) போன்றவற்றை இலக்கணப்படி ‘திருத்த’ முயல வேண்டாம், பேசுகிறபடியே தலைச்சொல். எடுத்துக்காட்டு வாக்கியத்தில் மட்டும் பேச்சு நடையைத் தொடாதீர்கள்.

கணினியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தொல்லை உண்டு. ‘கொ’ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் தட்டலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டலாம். பார்வைக்கு ஒன்று, தேடினால் கிடைக்காது. ‘கொண்டல்’ என்ற காற்றின் பெயர் இப்படித்தான் காணாமல் போகும். தளத்தில் ஏற்றும் முன் எல்லாவற்றையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டு விதமாகத் தட்டியதையும் ஒரே குறியாக்கும் வடிவம்) மாற்றிவிடச் சொல்லி, கணினி தெரிந்த நண்பரிடம் கேளுங்கள், சில நிமிட வேலை. ஔகாரக் குறிக்குப் பதில் ‘ள’ தட்டுவதும், துணைக்காலுக்குப் பதில் ‘ர’ தட்டுவதும் இதில் சரியாகாது, அவற்றைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

படி 9: எங்கே வெளியிடுவது

இரண்டு வழி. முதலாவது தமிழ் விக்சனரி. இலவசம், எவரும் திருத்தலாம், நாம் ஓய்ந்தாலும் அது நிற்கும். அங்கே போடுவதை, எடுத்த இடத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில், எவரும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்பதை வாக்கியம் தந்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒலிகளை லிங்குவா லிப்ரே என்ற கருவி வழியாகவே பதிந்து காமன்ஸில் ஏற்றலாம்.

இரண்டாவது, தனித் தளம். எஸ்ஐஎல் அமைப்பின் ஃபிளெக்ஸ் என்ற இலவச மென்பொருளில் அகராதியைத் தொகுத்து, அவர்களுடைய வெபோனரி தளத்தில் வெளியிடலாம். பொருள், வாக்கியம், ஊர்க் குறிப்பு, ஒலி எல்லாவற்றுக்கும் அதில் தனித்தனி இடம் உண்டு. கற்றுக்கொள்ளக் கொஞ்சம் நாள் பிடிக்கும்.

என் பரிந்துரை: இரண்டும் வேண்டும். அச்சில் சான்று கிடைத்த சொற்களை விக்சனரியில் போடுங்கள், பேச்சில் மட்டும் இருப்பவற்றைத் தனித் தளத்தில் வையுங்கள். தனித் தளத்தில் பக்கம் திறந்ததும் முதலில் வாக்கியம், அதன் கீழே ஒலிப் பொத்தான், அதன் பிறகு விளக்கம் என்ற வரிசை இருக்கட்டும். சிக்னல் ஒரு கோடு மட்டும் வரும் இடங்களில்தான் நம் வாசகர்கள் பாதிப் பேர் இருப்பார்கள், பெரிய படங்களைப் போட்டுப் பக்கத்தைக் கனமாக்காதீர்கள்.

படி 10: அகராதியைக் கற்பிக்க வைப்பது

தளம் வந்தவுடன் யாரும் ஓடி வந்து படிக்க மாட்டார்கள். சொல்லை அவர்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வாட்ஸ்அப்பில் தினம் ஒரு கோடிட்ட வாக்கியம் அனுப்புங்கள், மாலையில் விடையோடு ஒலியை அனுப்புங்கள். சில நாள் கழித்து அதே சொல்லை வேறொரு வாக்கியத்தில் திரும்பக் கொண்டுவாருங்கள். மறக்கப் போகும் நேரத்தில் ஒரு சொல் புது வாக்கியத்தில் எதிரே வந்தால்தான் அது நம்முடையதாகும். சோதனைக்காக நீங்கள் சேர்த்துவைத்த கோடிட்ட வாக்கியங்களே இதற்குப் போதும்.

பள்ளிகளில் இதை ஆங்கிலத்துக்கும் சேர்த்துப் பயன்படுத்தலாம். ‘வாடை கெளம்பிட்டா வடகடல்ல வத்தை எறக்க முடியாது’ என்ற வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, வாடை இங்கே நாற்றமா காற்றா என்று கேளுங்கள். மீனவப் பிள்ளைகள் உடனே சொல்வார்கள், மற்றப் பிள்ளைகள் வாக்கியத்தைத் துழாவிக் கண்டுபிடிப்பார்கள். அதே பழக்கத்தோடு ஆங்கில வாக்கியத்தில் தெரியாத சொல்லைத் துழாவச் சொன்னால், அகராதியை எடுக்கும் முன்பே பாதி ஊகித்துவிடுவார்கள். வீட்டில் பேசும் சொல்லுக்கு வகுப்பறையில் மதிப்பு கிடைப்பதைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளைகளின் முகம் மலர்வதை ஆசிரியர்கள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

படி 11: சரிபார்ப்பும் திருத்தமும்

ஒவ்வொரு சொல்லையும் அதைச் சொன்னவர் அல்லாத, அதே தொழிலில் இருக்கும் இன்னொருவர் கேட்டு ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் ‘எங்க ஊர்ல அப்படிச் சொல்ல மாட்டோம்’ என்றால் அதை அழிக்காதீர்கள், ஊர்க் குறிப்பாகச் சேருங்கள். பக்கத்தின் அடியில் ‘உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று ஒரு பெட்டி வையுங்கள், எழுத வராதவர் குரலாக அனுப்ப வசதியும் கொடுங்கள். வந்த திருத்தங்களை மாதம் ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். தந்தவருக்கு ‘சேர்த்துவிட்டோம்’ என்று ஒரு வரி பதில் அனுப்புங்கள், அடுத்த சொல்லை அவரே கொண்டுவருவார்.

முதல் நூறு சொல் முடிந்ததும் வாக்கியம் தந்த ஊருக்கே போய், ஏலக் கூடத்திலோ கோயில், சர்ச், பள்ளிவாசல் முன்திண்ணையிலோ ஒலிகளைப் போட்டுக் காட்டுங்கள். அங்கே கூடுபவர்கள் விட்டுப்போன சொற்களைச் சொல்லத் தொடங்குவார்கள். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு போங்கள்.